சட்டாம்பிள்ளைக்குப் பயிற்சி கொடுத்தது யார்?

அக்கா மகள் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். பொங்கலுக்குப் பாடாலூர் வந்திருந்தாள். அங்கே முதலாண்டு மாணவர்கள் கட்டுரை எழுதப் பழகுவதற்கென்றே ஒரு பாடம் உண்டு. 1885-இல் ஹார்வர்டில் வந்த வழக்கம், அப்புறம் நாடு முழுக்கப் பரவிவிட்டது. வகுப்பெடுப்பதில் பெரும்பங்கு இவளைப் போன்ற ஆராய்ச்சி மாணவர்களுடையது. இரண்டு வருடம் எடுத்தாள். இனி உதவி இயக்குநர்: பாடத்திட்டம் போடணும், புதிதாக வகுப்பெடுக்க வருகிறவர்களைத் தயார் பண்ணணும், மேற்பார்வை பார்க்கணும்.

"மாமா, எழுதச் சொல்லிக்கொடுக்க ஒரு செமஸ்டர் பயிற்சி தந்தாங்க. சொல்லிக்கொடுக்கிறவங்களை நடத்துறது எப்படின்னு யாருமே சொல்லித்தரல" என்றாள். எங்கள் தொழிலில் நல்லா கோடு எழுதுகிறவனைப் பிடித்து டீம் லீட் ஆக்குவார்களே, அந்தக் கதைதான்.

"அதாண்டி சட்டாம்பிள்ளை" என்றார் என் அம்மா. அவருடைய அப்பா திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளையாக இருந்தவர். விளையாட்டாகச் சொன்னார். ஆனால் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனால் எழும்பூர் வருகிறது.

ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1787-இல் சென்னை வந்தார். 1789 முதல் எழும்பூரில், ராணுவத்தாரின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான பள்ளியைக் கவனித்தார். அரியலூரில் ரயிலேறி நாம் போய் இறங்குகிற அதே எழும்பூர். ஒருநாள் ஒரு 'மலபார் பள்ளி'யில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்க்கிறார். (அந்தக் காலத்து வெள்ளைக்காரர்களுக்குத் தமிழர்கள் மலபார்கள்.) தன் அரிச்சுவடி வகுப்பிலும் அப்படியே செய்யச் சொன்னார். வகுப்பு வாத்தியார் நடக்காது என்றார். பெல் மல்லுக்கு நிற்கவில்லை. ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் வகுப்பைக் கொடுத்துவிட்டார். நடந்தது. பிறகு மற்ற வகுப்புகளையும் பையன்களிடமே ஒப்படைத்து, அவர்களுக்கு மேலே ஃப்ரிஸ்கனை வைத்தார். அக்கா மகளின் புதுப் பதவி அப்போதே இருந்திருக்கிறது!

மணலை இங்கிருந்து எடுத்ததாக பெல் ஒப்புக்கொண்டார். பிள்ளையே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது தன் கண்டுபிடிப்பு என்றே சொல்லிவந்தார். 1823-இல் பல்லாரி கலெக்டர் ஏ.டி. கேம்ப்பெல்லோ, அந்த முறை இந்த நாட்டுப் பள்ளிகளில் இருப்பதையும் இங்கிலாந்து அதைப் பின்பற்றுவதையும் பாராட்டி அறிக்கை எழுதினார். இதைச் சொல்லிப் பழம்பெருமை பேச எனக்கு விருப்பமில்லை. எல்லா சாதிப் பிள்ளைகளும் அந்தத் திண்ணையில் ஏறிவிட முடியாது. சட்டாம்பிள்ளை கையில் பிரம்பும் இருந்தது.

எனக்கு முக்கியமாகப் படுவது பின்னால் நடந்தது. பெல் 1797-இல் லண்டனில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். ஜோசப் லங்காஸ்டரும் அதே போன்ற முறையைப் பரப்பினார். ஒரே வாத்தியார், நூற்றுக்கணக்கான பிள்ளைகள், செலவு கம்மி. கடல் தாண்டிப் போனது அந்தச் சிக்கனம்தான். தாத்தா வருஷக்கணக்கில் வாத்தியார் பக்கத்திலேயே உட்கார்ந்து, யார் எங்கே தடுமாறுகிறான் என்று பார்த்துப் பழகியவர். அங்கே நேற்றுக் கற்றதை இன்று ஒப்பிக்கிற பையன்தான் கிடைத்தான்.

பலவீனம் சீக்கிரமே தெரிந்துவிட்டது. 1846-இல் இங்கிலாந்து அரசு வேறு ஏற்பாடு செய்தது. 13 வயதில் சேரும் மாணவ ஆசிரியருக்கு ஐந்து வருடப் பயிற்சி. உதவித்தொகை உண்டு. பள்ளி நேரம் போக, வாரத்தில் ஐந்து நாள், தினமும் ஒன்றரை மணி நேரம் தலைமையாசிரியர் அவருக்குப் பாடம் நடத்தணும். அதற்குத் தலைமையாசிரியருக்குத் தனியாகக் காசு. பழக்குவதும் ஒரு வேலை, அதற்கும் நேரமும் கூலியும் வேண்டும் என்பதை அரசாங்கம் கணக்கில் எழுதிவிட்டது. அமெரிக்காவில் இந்த எழுத்துப் பாடங்களை நிர்வகிக்கிறவர்களுக்கென்று ஒரு சங்கம் வரவே 1970-கள் ஆகிவிட்டன.

அக்கா மகள் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு யார் மாமா காசு கொடுத்தது?" என்றாள்.

"கவர்மெண்ட்தான்."

போனில் குறித்துக்கொண்டாள். ஊர் திரும்பியதும் முதல் வேலையாகத் துறைத்தலைவரிடம் வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது கேட்கப் போகிறாளாம், சம்பளத்தோடு.