கணக்குப் போட ஆப் இருக்கே, நாம ஏன் கத்துக்கணும்?

பேங்க் எக்ஸாம், கேட் தேர்வு, டேட்டா சயின்ஸ் கோர்ஸ், வீட்டுக் கடன் என்று ஏதாவது ஒரு ரூபத்தில், காலேஜோடு முடிந்துவிட்டதாக நினைத்த கணிதம் வேலைக்குப் போன பிறகும் வந்து நிற்கிறது. போனில் ஒரு போட்டோ எடுத்தால் போதும், விடை வந்துவிடும். அப்படியென்றால் இந்தக் கருவிகளை எப்படிப் பயன்படுத்துவது?

என்னென்ன கருவிகள் இருக்கின்றன?

மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

விடை தருபவை: 2009-ல் வந்த வுல்ஃப்ராம் ஆல்ஃபா, இப்போது கூகுள் வசம் இருக்கும் ஃபோட்டோமேத் போன்றவை. சமன்பாட்டைக் கொடுத்தால் தீர்த்துத் தரும். வுல்ஃப்ராம் ஆல்ஃபாவில் விடை இலவசம். முழு வழிமுறையைப் பார்க்கக் கட்டணம் உண்டு.

வரைந்து காட்டுபவை: ஜியோஜீப்ரா, டெஸ்மோஸ். எண்ணை மாற்ற மாற்ற, வரைபடம் எப்படி வளைகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். கால்குலஸ் புரியாமல் திணறுபவர்கள் முதலில் இங்கே வரலாம்.

பாடம் நடத்துபவை: அடிப்படையிலிருந்து தொடங்க கான் அகாடமி. பட்டப்படிப்பு அளவுக்கு என்றால், ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் நடத்தும் என்பிடெல். பாடங்களைப் பார்க்கப் பணம் வேண்டாம். சான்றிதழ் தேர்வு எழுதினால்தான் கட்டணம்.

ஏஐ சாட்பாட்டிடமே கேட்டால் என்ன?

கேட்கலாம், ஆனால் அப்படியே நம்பக்கூடாது. மொழி மாடல்களின் அடிப்படை வேலை, அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணிப்பதுதான். அதனால் தப்பான விடையையும் அழகாக, படிப்படியாக விளக்கிவிடும். புதிய மாடல்கள் பின்னணியில் கோட் எழுதிக் கணக்கிடுவதால் நிலைமை நிறையவே மேம்பட்டிருக்கிறது. இருந்தாலும், வந்த விடையைச் சமன்பாட்டில் திருப்பிப் போட்டுப் பார்ப்பது உங்கள் பொறுப்பு.

விடை கிடைத்தால் கற்றுக்கொண்டதாக ஆகுமா?

ஆகாது. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் துருக்கியில் சுமார் ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 2024-ல் வெளியானது. சாதாரண சாட்பாட் வைத்துப் பயிற்சி செய்தவர்கள், பயிற்சியின்போது 48% கூடுதல் மதிப்பெண் எடுத்தார்கள். ஆனால் சாட்பாட் இல்லாமல் எழுதிய தேர்வில், அதைத் தொடாதவர்களைவிட 17% குறைவாக எடுத்தார்கள். விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி வடிவமைத்த சாட்பாட்டில் இந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை.

சரி, தேர்வு எழுதாதவர்களுக்கு இது எதற்கு?

ஒரு கணக்கைப் பாருங்கள். 3 லட்சம் ரூபாய் கடன், 3 வருஷம், 'ஃப்ளாட் 10% வட்டி' என்கிறார்கள். வட்டி 90,000 ரூபாய்; மாதத் தவணை 10,833 ரூபாய். குறையும் அசலுக்கு 10% என்றால் தவணை 9,680 ரூபாய்தான். மூன்று வருஷத்தில் வித்தியாசம் சுமார் 41,500 ரூபாய்! கூகுள் ஷீட்ஸில் 'ரேட்' ஃபார்முலாவில் 36 மாதம், 10,833 தவணை (மைனஸ் குறியோடு), 3 லட்சம் கடன் என்று போட்டு, வரும் மாத விகிதத்தை 12-ஆல் பெருக்குங்கள். அந்த 'ஃப்ளாட் 10%' உண்மையில் கிட்டத்தட்ட 18% என்று தெரியும். காரணம், அசலைத் திருப்பிக் கட்டிக்கொண்டே வந்தாலும், ஃப்ளாட் முறையில் முழு 3 லட்சத்துக்கும் கடைசி மாதம் வரை வட்டி போடுகிறார்கள்.

கணக்கைக் கருவி போட்டுவிடும். எந்தக் கணக்கைப் போட வேண்டும் என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டியது நாம்தான்.

எப்படிப் பயன்படுத்தினால் பலன்?

* முதலில் பேப்பரில் நீங்களே 10 நிமிஷம் முயற்சி செய்யுங்கள்.
* விடை ஏறக்குறைய எவ்வளவு வரும் என்று ஊகித்து எழுதி வையுங்கள். கருவியின் விடை ரொம்பத் தள்ளி இருந்தால், எண்ணை டைப் செய்ததிலேயே பிழை இருக்கலாம்.
* மாட்டிக்கொண்டால், 'விடை வேண்டாம், அடுத்த ஸ்டெப்புக்குக் குறிப்பு மட்டும் கொடு' என்று கேளுங்கள்.
* முடித்த பிறகு வேறு ஒரு கருவியில் சரிபாருங்கள்.
* மறுநாள் அதே மாதிரி ஒரு கணக்கை எந்த உதவியும் இல்லாமல் போடுங்கள். வந்துவிட்டால் கற்றுக்கொண்டீர்கள்; வராவிட்டால் இன்னொரு முறை வீடியோவைப் பாருங்கள்.