ஒரு ராத்திரி... ரெண்டு பேர்... மதுரையில் ஒரு நல்ல ஹோட்டல்! நரிக்குடி பக்கத்து ஜோடிகளுக்கு ஒரு கைடு

கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகப்போகுது. ரெண்டு பேரும் தனியா உட்கார்ந்து, யாரும் கூப்பிடாம, ஒரு முழு மணி நேரம் பேசியிருக்கீங்களா? நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கம் பல வீடுகளில் இந்தக் கேள்விக்கு ஒரு சிரிப்புதான் பதிலாக வரும். முன்ரூமில் மாமனார், அடுப்படியில் மாமியார், திண்ணையில் பக்கத்து வீட்டு அத்தை. அன்பான கூட்டம்தான். ஆனால், கதவைச் சாத்தினாலே "என்னாச்சு?" என்று கேட்கிற கூட்டம்.

அதனால்தான் "ஒரே ஒரு ராத்திரி மதுரையில நல்ல ஹோட்டல்ல தங்கிட்டு வரலாமா?" என்ற ஆசை வருகிறது. மாசச் சம்பளத்தில் ஒரு பெரிய துண்டு இதற்குப் போகும். சரியாகத் தேர்ந்தெடுத்தால் வருஷம் முழுக்கப் பேச ஒரு நினைவு கிடைக்கும். தப்பாகத் தேர்ந்தெடுத்தால், கல்யாண மண்டபத்துக்கு மேல் மாடியில் நாதஸ்வரம் கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டு வர வேண்டியதுதான். புக் பண்ணுவதற்கு முன் பார்க்க வேண்டியவை இங்கே.

முதல்ல ஒரு கணக்கு போடுங்க

பெரிய ஹோட்டல்களில் பொதுவாக செக்-இன் மதியம் 2 மணி. செக்-அவுட் மறுநாள் காலை 11 அல்லது 12 மணி. "ஒரு நாள் வாடகை" என்று நாம் கொடுப்பது, 11 மணி செக்-அவுட் என்றால், உண்மையில் 21 மணி நேரத்துக்குத்தான்.

ரூம் வாடகை 7,500 ரூபாய், வரியோடு 7,875 ரூபாய் என்று வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 375 ரூபாய். ஷாப்பிங், சொந்தக்காரர் வீடு எல்லாம் முடித்துவிட்டு ராத்திரி 7 மணிக்குப் போய் சாவி வாங்கினால், 5 மணி நேரம் போச்சு. அதாவது, 1,875 ரூபாய் யாரும் இல்லாத ரூமுக்குக் கொடுத்த காசு.

நீங்கள் வாங்குவது மெத்தையையும் மார்பிள் தரையையும் மட்டுமல்ல, ரெண்டு பேருக்குமான அந்த 21 மணி நேரத்தையும்தான். எந்த ஹோட்டல் அதைக் குறைக்காமல், சத்தமில்லாமல் கொடுக்கும் என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சென்னையா... மதுரையா?

ஒரு ராத்திரிதான் என்றால் யோசிக்கவே வேண்டாம், மதுரைதான். சென்னைக்குப் போய்வர ரெண்டு ராத்திரி பயணத்திலேயே கழிந்துவிடும். அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை சுமார் 50 கி.மீ. காலையில் வீட்டு வேலையை முடித்துவிட்டுக் கிளம்பினாலும் 2 மணி செக்-இன்னுக்குப் போய்விடலாம். சென்னை, கோவை எல்லாம் குறைந்தது ரெண்டு ராத்திரி கைவசம் இருக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

மதுரையில எந்தப் பக்கம்?

"பெஸ்ட் ஹோட்டல் எது?" என்று தேடுவதற்கு முன், "நாம அங்க என்ன பண்ணப் போறோம்?" என்று ரெண்டு பேரும் பேசிக்கொள்ளுங்கள். பதிலுக்கு ஏற்ப ஊரின் திசையே மாறும்.

*வெளியே எங்கேயும் போக வேண்டாம், மரமும் அமைதியும் போதும்:* பசுமலை உச்சியில் இருக்கும் தாஜ் குழுமத்தின் கேட்வே ஹோட்டல். உள்ளூர்க்காரர்களுக்கு அது 'பசுமலை தாஜ்'. ஆங்கிலேயர் காலத்து பங்களாவைச் சுற்றி வளர்ந்த இடம். மலை மேலிருந்து மதுரை நகரம் கீழே விரிந்து கிடக்கும். சாயங்கால வெளிச்சத்தில் அதைப் பார்ப்பதற்கே போகலாம். ஆனால் ஒவ்வொரு முறை வெளியே போகவும் மலை இறங்கி ஏற வேண்டும்.

*அமைதியும் வேணும், கட்டடக் கலையும் பிடிக்கும்:* நகரின் மேற்கே கோச்சடையில் ஹெரிட்டேஜ் மதுரை. மில் நிர்வாகிகளின் கிளப்பாக இருந்த இடம். இலங்கையின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1970-களில் வடிவமைத்தது. கோயில் தெப்பக்குளம் மாதிரி படிக்கட்டு வைத்த நீச்சல்குளமும் பெரிய ஆலமரங்களும் இதன் அடையாளம். தனிக் குட்டிக் குளத்தோடு வில்லாக்களும் உண்டு. நீங்கள் புக் பண்ணும் வகையில் அது இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

*ஊர் சுத்தணும், நல்லா சாப்பிடணும்:* வைகைக்கு வடக்கே அழகர்கோவில் ரோடு. கோர்ட்யார்டு பை மேரியட், ஃபார்ச்சூன் பாண்டியன் எல்லாம் இந்தப் பக்கம்தான். பழங்காநத்தம் பக்கம் ஜி.ஆர்.டி ரீஜென்சி இருக்கிறது. எந்த நேரமும் ஆட்டோ கிடைக்கும், ராத்திரி 11 மணிக்குக் கறிதோசை சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம்.

*கோயில்தான் முக்கியம்:* மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியைச் சுற்றி நடந்தே கோயிலுக்குப் போகிற தூரத்தில் நிறைய ஹோட்டல்கள் உண்டு. சொகுசு குறைவுதான். ஆனால் மொட்டை மாடியில் கோபுரம் தெரிய டின்னர் சாப்பிடுகிற சுகம் சில இடங்களில் கிடைக்கும். ரூமில் இருந்தே கோபுரம் தெரியும் என்று சொன்னால், எந்த ரூம் என்று எழுத்தில் கேளுங்கள்.

ஒரு டிப்ஸ்: அருப்புக்கோட்டை பஸ்கள் போய்ச் சேர்வது மாட்டுத்தாவணி. பசுமலை ஊரின் இன்னொரு கோடி. பசுமலையில் தங்குபவர்கள் மாட்டுத்தாவணி வரை போகாமல், ரிங் ரோட்டில் மண்டேலா நகர் பக்கம் நிற்குமா என்று கண்டக்டரிடம் கேட்டு இறங்கி ஆட்டோ பிடித்தால், நேரமும் காசும் மிச்சம்.

ஸ்டாரை மட்டும் நம்பாதீங்க

ஐந்து நட்சத்திரம் என்ற தகுதியை நம் நாட்டில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் குழு நேரில் பார்த்துக் கொடுக்கிறது. 5 ஆண்டுகளுக்குச் செல்லும். ஆனால் ஹோட்டல்கள் விருப்பப்பட்டால் மட்டும் விண்ணப்பிக்கலாம், கட்டாயம் இல்லை. புக்கிங் ஆப்பில் தெரியும் நட்சத்திரமும் அரசு கொடுத்த நட்சத்திரமும் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை. மக்கள் கொடுக்கும் ரேட்டிங் இன்னொரு தனிக் கணக்கு.

அதனால் ரிவ்யூ படிக்கும்போது மொத்த மதிப்பெண்ணை விட்டுவிட்டு, கடைசி மூணு மாசத்தில் எழுதியதை மட்டும் படியுங்கள். 'சத்தம்', 'ஏசி', 'பாத்ரூம்', 'தண்ணி' என்று தேடிப் பாருங்கள். ஹோட்டல் போட்ட போட்டோவைவிட, தங்கியவர்கள் எடுத்த போட்டோதான் உண்மை சொல்லும்.

7,500 ரூபாய் கோடு

இது தெரியாமல் நிறைய பேர் காசு விடுகிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாளுக்கு 7,500 ரூபாய் வரையிலான ரூமுக்கு ஜி.எஸ்.டி 5%. அதைத் தாண்டினால் முழுத் தொகைக்கும் 18%.

- வாடகை 7,500 ரூபாய்: வரியோடு 7,875 ரூபாய்
- வாடகை 7,600 ரூபாய்: வரியோடு 8,968 ரூபாய்

வாடகையில் வித்தியாசம் 100 ரூபாய். பில்லில் வித்தியாசம் 1,093 ரூபாய்! ஆப்பில் பெரிய எழுத்தில் தெரிவது பெரும்பாலும் வரிக்கு முந்தைய விலை. கடைசிப் பக்கத்தில் வரும் தொகையை வைத்து மட்டும் ஒப்பிடுங்கள். கோட்டுக்குச் சற்று மேலே இருக்கிற ரூம் என்றால், ஒரு நாள் தள்ளிப் பாருங்கள். ஞாயிறு ராத்திரியோ வார நாளோ பெரும்பாலும் விலை இறங்கும். ஹோட்டலுக்கே போன் போட்டும் கேளுங்கள். ஆப் விலைக்கே காலை உணவையும் சேர்த்துத் தருகிற இடங்கள் உண்டு.

காலண்டரை ஒருமுறை கிழிச்சுப் பாருங்க

பெரிய ஹோட்டல் என்றால் பெரிய ஹால் இருக்கும். பெரிய ஹால் என்றால் முகூர்த்த நாளில் கல்யாணம் இருக்கும். லிஃப்ட் முழுக்கச் சொந்தபந்தம், அதிகாலையில் மேளம், டைனிங்கில் கூட்டம். நம்ம ஊர்க் கல்யாணக் கோஷ்டியே எதிரில் வந்து "நீங்க எங்க இங்க?" என்று கேட்கும் ஆபத்தும் உண்டு! தேதி முடிவு செய்யும் முன் முகூர்த்த நாளைப் பாருங்கள்.

ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாததால் ஹோட்டல்கள் அமைதியாக இருக்கும். ஆடியில் புதுப் பொண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போகும் வழக்கம் இருக்கிற வீடுகளில் அது கொஞ்சம் சிக்கல். மார்கழிக் குளிர் செம. ஆனால் கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தில் விலை ஏறும். மார்கழி ஆரம்பத்திலேயே போய் வந்துவிடுங்கள். சித்திரைத் திருவிழா சமயம் ரூம் கிடைப்பதே கஷ்டம். பொங்கலின்போது ஜல்லிக்கட்டுக் கூட்டம் வேறு. அந்த நாள்களைத் திருவிழாவுக்கு ஒதுக்குங்கள், தனிமைக்கு வேறு நாள் பாருங்கள்.

போனில் கேட்க 7 கேள்விகள்

1. அந்தத் தேதியில் ஹாலில் விசேஷம் இருக்கா?
2. ரூமில் ஒரே பெரிய கட்டிலா, ரெண்டு தனிக் கட்டிலா? ('டபுள் ரூம்' என்று வாங்கி ரெண்டு ஒற்றைக் கட்டில் கிடைத்தவர்கள் நிறைய.)
3. லிஃப்ட், ஹால், ஜெனரேட்டர் பக்கம் இல்லாத ரூம் கிடைக்குமா?
4. காலை உணவு சேர்த்தா, தனியா?
5. எத்தனை மணி வரை கேன்சல் பண்ணலாம்? (விலை குறைவாகத் தெரியும் பல ரூம்களுக்குப் பணம் திரும்ப வராது.)
6. செக்-இன்னில் டெபாசிட் எவ்வளவு, எப்போது திரும்ப வரும்?
7. நீச்சல்குளம் எத்தனை மணி வரை, என்ன உடை? (பல இடங்களில் காட்டன் டீ-ஷர்ட், லுங்கியோடு இறங்க விடமாட்டார்கள். நீச்சல் உடை கட்டாயம்.)

காலை உணவு மட்டும் சேர்ந்த பிளானே மதுரைக்குப் பொருத்தம். டின்னரையும் ஹோட்டலிலேயே கட்டிவிட்டுத் தூங்கா நகரத்தில் என்ன பண்ணப் போகிறீர்கள்?

கல்யாணம் ஆகலைனா?

இதைப் பலரும் கூச்சத்தால் கேட்பதில்லை. 18 வயது நிறைந்த, கல்யாணம் ஆகாத ரெண்டு பேர் ஹோட்டல் ரூமில் தங்குவதைத் தடை செய்யும் சட்டம் எதுவும் இல்லை. கோவையில் சீல் வைக்கப்பட்ட ஒரு விடுதி தொடர்பான வழக்கில், 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றமே இதைச் சொல்லியிருக்கிறது.

ஆனால் ரூம் தர வேண்டுமா என்று ஹோட்டல் தனக்கென விதி வைத்துக்கொள்ளலாம். ரிசப்ஷனில் நின்று அவமானப்படுவதைவிட, புக் பண்ணும் முன்பே "கப்பிள் பாலிசி என்ன?" என்று கேட்டு, பதிலை மெசேஜில் வாங்கிக்கொள்ளுங்கள். 'உள்ளூர் ஐ.டி ஏற்கமாட்டோம்' என்கிற இடங்களும் உண்டு. விருதுநகர் மாவட்ட முகவரி என்றால் மதுரையில் அந்தச் சிக்கல் பொதுவாக வராது.

கல்யாணம் ஆனவர்களும் ரெண்டு பேருடைய ஐ.டி-யையும் கொண்டுபோங்கள். ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை எல்லாம் செல்லும். ஆதார்தான் கொடுப்பதென்றால், கடைசி 4 எண் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதார் பயன்படுத்துங்கள். ரூமுக்குள் போனதும் கதவுத் தாழ்ப்பாளைச் சரிபாருங்கள். கண்ணாடி, ஸ்மோக் டிடெக்டர், சார்ஜர் பிளக் மேல் ஒரு கண் ஓட்டுங்கள். ரெண்டு நிமிஷ வேலை, பிறகு நிம்மதி.

பில் வரும்போது...

சர்வீஸ் சார்ஜ் என்று தானாகச் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ரூமில் இருக்கும் குட்டி ஃபிரிட்ஜில் எது இலவசம் என்று கேட்காமல் தொடாதீர்கள்.

21 மணி நேரம்... ஒரு மாதிரி பிளான்

2 மணிக்கு செக்-இன். நேராகத் தூக்கம், அல்லது பேச்சு. கோயில் மதியம் மூடியிருக்கும், 4 மணிக்குத்தான் திறப்பார்கள் என்பதால் அவசரமில்லை. வெயில் இறங்கியதும் நீச்சல்குளம். ராத்திரி மீனாட்சியம்மன் கோயில். நடை சாத்தும் முன், சொக்கநாதரின் பாதங்களைப் பல்லக்கில் வைத்து மீனாட்சி சந்நிதிக்கு எடுத்துவருவார்கள். அதுதான் பள்ளியறை பூஜை. பகலெல்லாம் ஊர் வேலை பார்த்த தம்பதிக்கு ராத்திரியாவது தனிமை வேண்டும் என்று மதுரைக்குத் தினமும் நினைவிருக்கிறது. கைபேசிக்கு உள்ளே அனுமதி இல்லை. அதுவும் நல்லதுதான்.

வெளியே வந்ததும் ஜிகர்தண்டா, கறிதோசை. ரூமில் பூ அலங்காரம் பண்ண ஹோட்டல் 'ரொமான்டிக் பேக்கேஜ்' நீட்டும். அதை விட்டுவிட்டு, கோயில் வாசலில் நாலு முழம் மதுரை மல்லி வாங்கி நீங்களே வெச்சுவிடுங்க. காலையில் பஃபேக்குக் கடைசி அரை மணி நேரத்தில் போனால் போதும், ஆற அமர சாப்பிட்டுவிட்டு 11 மணிக்குச் சாவி.

வீட்டில் என்ன சொல்லிட்டுப் போறதுன்னு யோசனையா? "மீனாட்சி அம்மனைப் பார்த்துட்டு வர்றோம்"னு சொல்லுங்க. பொய்யும் இல்லை, யாரும் வேண்டாம்னு சொல்லவும் மாட்டாங்க. "நாங்களும் வர்றோம்"னு மட்டும் யாராவது கிளம்பாம பார்த்துக்கோங்க!