கெடிலக் கரையில் ஒரு சாக்கு

சென்ற ஆண்டு நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களோடு கடலூரில் கெடிலம் ஆற்றின் கரையைத் துப்புரவு செய்யச் சென்றிருந்தோம். மண்வெட்டியில் சிக்கியவற்றுள் பெரும்பகுதி குளியலறையிலிருந்து வந்தது: தேய்ந்த பல்துலக்கிகள், நசுங்கிய பற்பசைக் குழாய்கள், சவரக் கத்திகள், எல்லாவற்றுக்கும் மேலாக ஷாம்பு பாக்கெட்டுகள். அவ்வழியே வந்த பழைய சாமான் வியாபாரி ஒருவர் புட்டிகளையும் வாளித் துண்டுகளையும் பொறுக்கிக்கொண்டார். பாக்கெட்டுகள் நிறைந்த சாக்கை மட்டும் காலால் தள்ளிவிட்டார். “இது எடைக்கும் நிக்காது, உருக்கவும் ஆவாது சார்.” எந்தச் சூழலியல் நூலும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

நீராடல் நம் இலக்கியத்துக்குப் புதிய பொருளன்று. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி பத்து வகைத் துவரும் ஐந்து வகை விரையும் முப்பத்திரண்டு ஓமாலிகையும் ஊறிய நீரில் கூந்தலை நனைக்கிறாள். ஆசாரக்கோவையோ அதிகாலையில் குச்சியால் பல் துலக்குவதை ஒழுக்க விதியாகவே வைக்கிறது. மாதவியின் குளியலில் மிஞ்சியது சக்கை. பல் துலக்கியவன் எறிந்தது மென்ற குச்சி. இரண்டும் மண்ணாயின. ஆனால் மாதவியின் குளியல் எல்லோருக்கும் வாய்த்த குளியலன்று என்பதையும் மறந்துவிடலாகாது. நம் கதைக்கு அது முக்கியம்.

பல்துலக்கியைச் சிறையிலிருந்த வில்லியம் அடிஸ் கண்டுபிடித்தார் என்றொரு கதை உண்டு. அது எப்படியாயினும், 1780ஐ ஒட்டி இங்கிலாந்தில் அவர் பெருமளவில் செய்து விற்கத் தொடங்கிய துலக்கி எலும்புப் பிடியும் விலங்கு மயிரும் கொண்டது. 1938இல் அமெரிக்காவில் நைலான் இழை வந்தது. பிடியும் பின்னர் பிளாஸ்டிக் ஆயிற்று. பற்பசைக் குழாயின் கதையும் இதுவே. நம் இளமையில் அது அலுமினியக் குழாய். அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டி, கடைசியில் கதவிடுக்கில் வைத்து நசுக்குவோம். காலியானதைப் பழைய சாமான்காரர் மறுக்காமல் வாங்குவார். பல அடுக்குப் பிளாஸ்டிக் குழாய் அவ்விடத்தைப் பிடித்தபோது அவர் வாங்க ஏதுமில்லாமல் போயிற்று.

ஷாம்பு என்ற சொல்லே நம் நாட்டிலிருந்து கப்பலேறியது. பிசைதல், அமுக்குதல் என்ற பொருளுடைய இந்திச் சொல் அது. பாட்னாவில் பிறந்த தீன் முகமது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நீராவிக் குளியலும் உடற்பிடிப்பும் செய்யும் நிலையம் நடத்தி அரச குடும்பத்துக்கே பணிபுரிந்தார். அன்று ஷாம்பு என்பது கைத்தொழில். அது புட்டியில் அடைபட்டுத் திரும்பி வந்தபோது சீமான் வீட்டுப் பொருளாயிற்று. ஒரு புட்டியின் விலை கூலிக்காரருக்கு எட்டாதது.

இங்கேதான் கடலூர் வருகிறது. அவ்வூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன், பணக்காரர் துய்ப்பது கூலித் தொழிலாளிக்கும் கிடைக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு பொருள்களைச் சிறு உறைகளில் அடைத்து விற்றவர். அவர் மக்கள் ‘வெல்வெட்’ ஷாம்புவைப் பாக்கெட்டில் பரப்பினர். அவர்களுள் ஒருவரான சி.கே. ரங்கநாதன் 1983இல் பதினைந்தாயிரம் ரூபாய் முதலோடு தனியே பிரிந்து ‘சிக்’ ஷாம்புவைத் தொடங்கினார். பெட்டிக்கடையில் பூச்சரம் போல் தொங்கிய சரத்திலிருந்து ஒன்றைக் கிழித்துக்கொண்டு, சில காசுகளுக்குத் தலை குளிக்கலாம் என்ற நிலை வந்தது. பெரிய பன்னாட்டு நிறுவனங்களும் இவ்வழிக்கு வரவேண்டியதாயிற்று.

இதை இழிவாகப் பேச நமக்கு மனம் வரவில்லை. சீயக்காயைப் புகழும் ஆண்கள் பலர் அதைக் காயவைத்ததுமில்லை, அரைவை இயந்திரத்தின் முன் தும்மிக்கொண்டு நின்றதுமில்லை. நாளெல்லாம் நாற்று நட்டு வந்த பெண்ணுக்கு அந்தச் சிறு உறை நேரத்தையும் கொஞ்சம் மணத்தையும் கொடுத்தது.

கோளாறு உறையின் உடலில் இருக்கிறது. பாலியெஸ்டர், அலுமினியப் பூச்சு, பாலித்தீன் என மெல்லிய படலங்கள் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டவை. பிரித்தெடுக்கும் செலவு கிடைக்கும் பொருளைவிட மிகுதி. சட்டம் இதை அறியாமலில்லை. மறுசுழற்சிக்கு ஆகாத பல அடுக்குப் பிளாஸ்டிக்கை இரண்டாண்டுகளில் ஒழிக்க வேண்டும் என்றது 2016ஆம் ஆண்டு விதி. 2018இல் அதில் சில சொற்கள் நுழைந்தன: எரிபொருளாகவும் பயன்படாத, வேறு எதற்கும் உதவாத பிளாஸ்டிக்குக்கே அந்த ஒழிப்பு என்றாயிற்று. சிமெண்ட் ஆலைச் சூளையில் எரிக்க முடிந்தால் உறை பிழைத்தது. பாட வேறுபாடு பார்த்துப் பழகிய நமக்கு, இத்தனை செலவு வைத்த இடைச்செருகலை வேறெங்கும் கண்ட நினைவில்லை. 2022 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த நாடு தழுவிய தடையில் காதுக் குடைப்பானின் பிளாஸ்டிக் குச்சி இருந்தது. ஷாம்பு பாக்கெட் இல்லை.

நம் வீட்டில் சில மாற்றங்கள் செய்து பார்த்தோம். குளியலுக்குத் தாள் சுற்றிய சோப்புக் கட்டி, உடம்பு தேய்க்கப் பீர்க்கங்கூடு, சவரத்துக்குப் பழைய இரும்புப் பிடியும் மாற்று பிளேடும். இவை எளிதில் நிலைத்தன. மூங்கில் துலக்கியின் இழையும் நைலான்தான் என்று பின்னர் தெரிந்தது. சீயக்காய் இரண்டு மாதம் தாங்கியது. மகளின் தேர்வுக் காலம் வந்ததும் ஷாம்பு திரும்பிவிட்டது, பெரிய புட்டியாக.

வகுப்பில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது சிக் ஷாம்புவின் பழைய விற்பனை உத்தி ஒன்று நினைவுக்கு வந்தது. காலி உறைகள் ஐந்தைக் கடையில் கொடுத்தால் ஒரு பாக்கெட் இலவசம். முதலில் எந்த நிறுவனத்தின் உறையானாலும் சரி. பிறகு சிக் உறை மட்டும். வாடிக்கையாளரை இழுக்கச் செய்த தந்திரம்தான், குப்பையைப் பற்றிய கவலையன்று. ஆனாலும் ஊர் ஊராகக் காலி உறைகள் பெட்டிக்கடைக்குத் திரும்பி வந்தன. அது நடந்த காரியம்.

பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். “அப்ப நம்ம சாக்குக்கு எத்தனை பாக்கெட் கிடைக்கும் ஐயா?”

சாக்கு இன்னும் துறை அறையின் மூலையில்தான் இருக்கிறது. எடுத்துச் செல்ல ஆளில்லை.