நிரல்மொழியில் ‘ஆனால்’: நிபந்தனையும் மறுமதிப்பேற்றமும்

1. முன்னுரை

கணிப்பொறிக்கு நிரல் எழுதக் கற்போர் தொடக்கத்திலேயே இரு கூறுகளை எதிர்கொள்கின்றனர். ஒன்று நிபந்தனைத் தொடர். மற்றொன்று, மாறியொன்றில் முன்னர் இட்ட மதிப்பை நீக்கிப் புதியதை இடும் மறுமதிப்பேற்றம். இவை தமிழ்த் தொடரமைப்போடு எங்கு இயைகின்றன, எங்கு மாறுபடுகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. வரலாற்றுப் பின்னணி

மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆர். நரசிம்மன் தலைமையில் உருவான ‘டிஃப்ராக்’ கணிப்பொறி 1960இல் இயங்கத் தொடங்கியது. 1964இல் அங்கு சி.டி.சி. 3600 நிறுவப்பட்டது. அக்காலத்தில் அறிவியலார் பெரிதும் கையாண்ட மொழி, 1957இல் வெளிவந்த ஃபோர்ட்ரான். அதன் நிபந்தனைக் கட்டளை, கணிப்பின் விடை குறை எண்ணா, சுழியா, மிகை எண்ணா என நோக்கி மூவழிகளுள் ஒன்றில் செலுத்தும். மதிப்பேற்றத்திற்கு அது சமக்குறியையே கொண்டது. அல்கால் 60 இக்குழப்பத்தைத் தவிர்க்க ‘:=’ என்னும் தனிக்குறியை ஆண்டது. எனினும் 1970களில் தோன்றிய சி மொழி மீண்டும் சமக்குறியையே ஏற்று, ஒப்பீட்டிற்கு இரட்டைச் சமக்குறியை வைத்தது. பின்வந்த மொழிகள் பலவும் இவ்வழியே சென்றன.

3. ‘ஆனால்’ என்னும் சொல்

முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ தமிழ் நிரல்மொழி இங்குக் கருதத்தக்கது. ஆங்கிலத்தில் நிபந்தனைச் சொல் தொடரின் முன்னே நிற்கும். தமிழிலோ வினையின் இறுதியில் அமையும். தொல்காப்பியர் கூறும் ‘செயின்’ என்னும் எச்ச வாய்பாடும், இன்றைய ‘பெய்தால்’ என்னும் வடிவமும் இதற்குச் சான்று. எழிலில் ‘@’ குறியை அடுத்து நிபந்தனையும், அதன் பின்னர் ‘ஆனால்’ என்னும் சொல்லும் வருகின்றன. இது தமிழ் நெறியே.

‘ஆனால்’ இன்று எதிர்மறுப்பு இடைச்சொல்லாகவும் வழங்குகிறது. கன்னட ‘ஆதரெ’ என்பதும் இவ்விரு பொருளுக்கும் உரியது. தொடர்க்குப் பின் நிற்பின் நிபந்தனை, முன் நிற்பின் எதிர்மறுப்பு என இடமே பொருளை வரையறுக்கிறது. ஆதலின் எழிலில் மயக்கம் நேர்வதில்லை.

4. மறுமதிப்பேற்றம்

உண்மையான இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது. வாஷி இரயில் நிலையத்தில் சீட்டு வாங்குவோர் அறிந்த விதியை நோக்குக: ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைக்குக் கட்டணம் இல்லை.

கட்டணம் = 10
@( வயது < 5 ) ஆனால்
  கட்டணம் = 0
முடி
பதிப்பி கட்டணம்

பத்து என்பது எடுத்துக்காட்டுக்குக் கொண்ட எண். வயது 7 எனில் 10 அச்சாகும். 4 எனில் 0 அச்சாகும். பின்னைய நிலையில் பழைய பத்து எங்கும் எஞ்சுவதில்லை. இனி, ‘முடி’க்குப் பின் வயதை 7 என மாற்றினும் கட்டணம் 0 ஆகவே நிற்கும். இயல்மொழியில் நிபந்தனைத் தொடர் எக்காலத்திற்கும் உரிய விதி. நிரலில் அது, கட்டளை ஓட்டம் அவ்வரியை அடையும் கணத்தில் ஒருமுறை கேட்கப்படும் வினா. ‘அ = அ + 1’ என்பதும் அவ்வாறே. சமன்பாடாகக் கொள்ளின் அது பொய். ‘அ-வில் உள்ளதோடு ஒன்றைக் கூட்டி மீண்டும் அ-வில் இடு’ என ஏவலாகக் கொள்ளின் பொருந்தும்.

5. முடிவுரை

ஆகவே சொற்களைத் தமிழாக்குவதோடு பணி முடிவதில்லை. நிபந்தனையைத் தமிழ் இலக்கணம் எளிதில் தாங்குகிறது. சமக்குறியோ எம்மொழியினர்க்கும் பள்ளிக் கணக்கின் பொருளையே நினைவூட்டுகிறது. அதனை ‘சமம்’ என வாசியாது ‘இடு’ என வாசிக்கப் பயிற்றுவதே ஆசிரியரின் முதற்கடன்.