தொலைக்காட்சியைக் கணினித் திரையாகப் பயன்படுத்தல்

தொலைக்காட்சியைக் கணினித் திரையாகப் பயன்படுத்தல் என்பது, ஒளிபரப்பைக் காண்பதற்கென வடிவமைக்கப்பட்ட தொலைக்காட்சிப் பெட்டியைக் கணினியின் வெளியீட்டுக் கருவியாக இணைத்துக்கொள்வதாகும். தனித் திரையின் விலை மிகுதியாக இருந்த 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் வீட்டுக் கணினிகள் பலவற்றுக்கு இதுவே இயல்பான வழியாக இருந்தது. தொலைக்காட்சி, சற்றுத் தொலைவிலிருந்து அசையும் படங்களைப் பார்ப்பதற்கானது. கணினித் திரையோ அருகிலிருந்து சிறிய எழுத்துகளைப் படிப்பதற்கானது. இவ்வேறுபாட்டின் விளைவுகள் இன்றைய தட்டைத் திரைகளிலும் முற்றாக மறையவில்லை.

வீட்டுக் கணினிகளின் காலம்

1973 செப்டம்பரில் அமெரிக்காவின் ரேடியோ-எலக்ட்ரானிக்ஸ் இதழ், டான் லங்காஸ்டர் வடிவமைத்த 'டிவி டைப்ரைட்டர்' என்னும் கருவியை வெளியிட்டது. விசைப்பலகையில் தட்டும் எழுத்துகளைச் சாதாரணத் தொலைக்காட்சியில் வரிக்கு 32 எழுத்துகளாக அது காட்டியது. ஆப்பிள் 1 (1976), கொமடோர் 64 (1982) ஆகியவை வரிக்கு 40 எழுத்துகளையும், பிரித்தானியாவின் இசட்.எக்சு. ஸ்பெக்ட்ரம் (1982) 32 எழுத்துகளையும் காட்டின. ஸ்பெக்ட்ரம், கொமடோர் 64 போன்றவற்றில் இருந்த பண்பேற்றி, கணினியின் படத்தை ஒரு சிறு ஒளிபரப்பு நிலையத்தின் அலைபோல் மாற்றித் தொலைக்காட்சியின் அலைவாங்கிச் செருகுவாய்க்கு அனுப்பியது.

இந்த 32, 40 என்னும் எண்கள் தற்செயலானவை அல்ல. பால் முறைத் தொலைக்காட்சியில் ஒரு கிடைக்கோடு வரைய 64 மைக்ரோநொடி ஆகும்; அதில் ஏறத்தாழ 52 மைக்ரோநொடியே படத்துக்குரியது. படத்தின் ஓரங்கள் பெட்டியின் சட்டத்துக்குப் பின் மறைந்துவிடும் என்பதால், கணினிகள் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்திச் சுற்றிலும் ஒரு கரையை விட்டன. கொமடோர் 64 தனது 320 படப்புள்ளிகளைச் சுமார் 40 மைக்ரோநொடியில் வரைந்தது. கருப்பும் வெள்ளையுமாக மாறிவரும் இரு புள்ளிகள் சேர்ந்து ஓர் அலைவு. ஆகவே 160 அலைவுகளுக்குத் தேவையான அதிர்வெண் 4 மெகாஹெர்ட்ஸ். பால் ஒளிபரப்பின் பட்டையகலமோ ஏறத்தாழ 5 மெகாஹெர்ட்ஸ். வரிக்கு 80 எழுத்துகள் வேண்டுமெனில் அதே நேரத்தில் 8 மெகாஹெர்ட்ஸ் தேவைப்படும். பிபிசி மைக்ரோ (1981) 80 எழுத்துகளை உருவாக்க வல்லது. எனினும் பண்பேற்றி வழியாகச் சென்றபோது அவை கலங்கித் தெரிந்தன. நிறத்துக்கு ஒதுக்கப்பட்ட பட்டை இன்னும் குறுகியது என்பதால் வண்ண எழுத்துகளின் விளிம்புகள் கசிந்தன.

1987இல் ஐபிஎம் அறிமுகப்படுத்திய விஜிஏ முறை இவ்வுறவை முறித்தது எனலாம். பால் தொலைக்காட்சி நொடிக்கு 15,625 கோடுகளை வரைய, விஜிஏ திரை சுமார் 31,500 கோடுகளை வரைந்தது. அதன்பின் தொலைக்காட்சியில் இணைக்கத் தனி மாற்றி தேவைப்பட்டது. மேலும், தொலைக்காட்சி ஒற்றைப்படைக் கோடுகளையும் இரட்டைப்படைக் கோடுகளையும் மாறிமாறி வரைவதால், ஒரே கோட்டில் அமைந்த மெல்லிய கிடைக்கோடுகள் நொடிக்கு 25 முறை சிமிட்டின. நீண்ட நேரம் படிப்போரின் கண்களுக்கு இது பெருந்தொல்லை.

எண்ணிமத் தொலைக்காட்சிகள்

2002 டிசம்பரில் வெளியான எச்.டி.எம்.ஐ. தரம், கணினித் திரைகளுக்கான டிவிஐ தரத்தை (1999) அடியொற்றியது. இதனால் ஒரே வடத்தால் இணைப்பது மீண்டும் எளிதாயிற்று. ஆயினும் படத்தைச் சற்றே பெரிதாக்கி ஓரங்களை வெட்டும் பழக்கத்தைத் தொலைக்காட்சிகள் விடவில்லை. திரையின் அடியிலுள்ள பணிப்பட்டை மறைந்துபோவதற்கும் எழுத்துகள் மங்குவதற்கும் இதுவே பெரும்பாலும் காரணம். தொலைக்காட்சியின் பட்டியில் 'ஜஸ்ட் ஸ்கேன்', 'டாட் பை டாட்', 'ஸ்கிரீன் ஃபிட்' போன்ற பெயர்களில் உள்ள தெரிவு, ஒரு படப்புள்ளிக்கு ஒரு புள்ளி என்னும் நிலையை அளிக்கும். புதிய திரை வாங்குமுன் இதனைச் சரிபார்த்தல் நன்று.

அடுத்த இடர் நிறம் பற்றியது. பல தொலைக்காட்சிகள் ஒளிச்செறிவை முழுமையாகவும், நிறத்தை அண்டைப் புள்ளிகளுக்குப் பொதுவாகவும் கையாளுகின்றன. திரைப்படத்தில் இது கண்ணுக்குத் தெரியாது. நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து என்றால் உடனே தெரியும். சுழி எண்ணிக்கையால் மட்டும் வேறுபடும் ன, ண போன்ற தமிழ் எழுத்துகள் சிறிய அளவில் ஒன்றுபோலாகிவிடும். உள்ளீட்டின் பெயரைக் கணினி என மாற்றினால் சில தொலைக்காட்சிகள் 4:4:4 எனப்படும் முழு நிறத் தகவலுக்கு மாறுகின்றன. படத்தை மெருகேற்றும் செயற்பாடுகளால் சுட்டி பின்தங்கி நகருமாயின், விளையாட்டு நிலையைத் தெரிவு செய்யலாம்.

அளவும் முக்கியமானது. 1920×1080 பிரிதிறன் கொண்ட 24 அங்குலக் கணினித் திரையில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 92 புள்ளிகள் உள்ளன. அதே பிரிதிறனுடைய 32 அங்குலத் தொலைக்காட்சியில் 69 மட்டுமே. 3840×2160 பிரிதிறன் கொண்ட 43 அங்குலத் தொலைக்காட்சியில் இது 102 ஆகும். அத்தகைய திரைக்கு எச்.டி.எம்.ஐ. 1.4 (2009) நொடிக்கு 30 படங்களையே அனுப்பும். 60 படங்களுக்கு 2.0 பதிப்பு (2013) வேண்டும். ஓஎல்இடி வகைத் திரைகளில் பணிப்பட்டை போன்ற அசையாத உருக்கள் நாளடைவில் தடமாகப் பதியக்கூடும்.

2012இல் வெளிவந்த ராசுப்பெரி பை, வீட்டுத் தொலைக்காட்சியையே திரையாகக் கொள்ளும் பழைய வழக்கத்தை மாணவர்களுக்காக மீட்டெடுத்தது. முதல் பதிப்பில் எச்.டி.எம்.ஐ. செருகுவாயுடன் பழைய படக்குழாய்ப் பெட்டிகளுக்கான செருகுவாயும் இருந்தது. அதன் மென்பொருளும், ஓரங்கள் வெட்டப்படும் என்று கருதி, படத்தைச் சுற்றிக் கரிய கரையொன்றை விட்டது. கணினித் திரையில் இணைப்போர் அமைவுக் கோப்பில் ஒரு வரியை மாற்றி அதனை நீக்கினர்.