இரண்டாவது சைக்கிள்

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்துச் சாலையில் கணவனும் மனைவியும் சைக்கிளில் போகிறார்கள் என்று சொன்னால், நம்மில் யாருக்கும் இரண்டு சைக்கிள்கள் மனதில் வருவதில்லை. ஒன்றுதான் வருகிறது. அவன் மிதிக்கிறான். முன் பாரில் ஒரு பிள்ளை. அவள் கேரியரில் ஒருபக்கமாகக் கால்களைத் தொங்கவிட்டு, ஒரு கையால் சீட்டுக்கு அடியிலிருக்கும் கம்பியையும் மறு கையால் மடியிலிருக்கும் பையையும் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள். பங்குனி, சித்திரை வெயிலில்தான் இந்தக் காட்சி அதிகம். சம்பா அறுத்து, உளுந்தும் பயறும் எடுத்து முடித்து, வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் காலம் அது. மேட்டூர் திறந்து தண்ணீர் வரும்வரை வேலை இல்லை. வலங்கைமான் பாடைக்காவடி, புன்னைநல்லூர் மாரியம்மன், நாத்தனார் வீட்டுக் காதுகுத்து என்று ஊர்ஊராகப் போய்வர அந்த மாதங்களை விட்டால் வேறு நாளில்லை.

கேரியரில் உட்கார்வதைச் சும்மா உட்கார்வது என்று நினைப்பவர்கள் அதைச் செய்து பார்த்ததில்லை. வெயிலில் காய்ந்த இரும்புக் கம்பி சேலையைத் தாண்டிச் சுடும். பாரம் முழுவதும் ஒருபக்கம் சாய்வதால் இடுப்பை எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடிக்க வேண்டும். முந்தானை சக்கரத்தில் சிக்காமல் சுருட்டி வைத்துக்கொள்ள வேண்டும். வாய்க்கால் பாலத்து மேட்டில் அவன் மிதிக்க முடியாமல் திணறினால் அவள்தான் இறங்கி நடப்பாள். இறக்கத்தில் அவன் நிறுத்தமாட்டான். அவள் ஓடிவந்து, ஓடும் வண்டியில் தாவி ஏறுவாள். சேலை கட்டிக்கொண்டு இதைச் செய்ய எவ்வளவு சமநிலை வேண்டும்! ஆனாலும் 'அவளுக்கு சைக்கிள் தெரியாது' என்றே சொல்லிவந்தோம்.

இரண்டு சைக்கிள்களில் ஒரு தம்பதி இந்தியாவின் தென்முனையிலிருந்து இமயமலை வரை போன கதை ஒன்று உண்டு. அது 125 ஆண்டுகளுக்கு முந்தையது. அந்தத் தம்பதி அமெரிக்கர்கள். ஃபேனி புல்லக் வொர்க்மன், அவருடைய கணவர் வில்லியம் ஹண்டர் வொர்க்மன். 1897 முதல் 1899 வரை இலங்கை, இந்தியா, பர்மா, ஜாவா என்று சுற்றினார்கள். புறப்பட்டபோது ஃபேனிக்கு வயது 38, வில்லியமுக்கு 50. மொத்தம் 14,000 மைல். இருவரும் சேர்ந்து எழுதிய 'த்ரூ டவுன் அண்ட் ஜங்கிள்' என்ற புத்தகம் 1904இல் வெளிவந்தது. இந்தியச் சமவெளியின் கோயில்களுக்கும் மக்களுக்கும் இடையே என்று அதன் துணைத்தலைப்பு சொல்கிறது. கோயில் முன்னே, மக்கள் பின்னே. அந்த வரிசையை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை.

அவர்கள் பட்ட பாடு உண்மையானது. தேயிலை, சர்க்கரை, பிஸ்கட், பாலாடைக்கட்டி, டின்னில் அடைத்த இறைச்சி, தண்ணீர், தலையணை, ஆளுக்கு ஒரு போர்வை, மருந்து, பஞ்சர் ஒட்டும் சாமான்கள் ஆகியவற்றோடு போனார்கள். ஒரே நாளில் 40 பஞ்சர் வரை ஒட்டியிருக்கிறார்கள். காற்றடைத்த டயரை டன்லப் உருவாக்கிப் பத்தாண்டுகூட முழுதாக ஆகாத காலம் அது. நம் சாலை முள்ளுக்கு அது ஈடுகொடுக்கவில்லை. கொசுக்கடியிலும் எலிகளுக்கு நடுவிலும் தூங்கினார்கள். சாப்பாடும் தண்ணீரும் கிடைக்காத நாள்கள் இருந்தன. பெரும்பாலும் ரயில் பாதையை ஒட்டியே பயணம். இடம் கிடைக்காத இரவுகளில் ரயில் நிலையத்தின் காத்திருப்பு அறையில் படுத்தார்கள். நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு ரயில் வந்து அப்போது 35 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஃபேனி இத்தனை தூரத்தையும் நீண்ட பாவாடையோடு மிதித்தார்.

அவருடைய நாட்டில் அப்போது பெண் சைக்கிள் ஓட்டுவதைப் பற்றிப் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. சைக்கிள் ஓட்டினால் பெண்ணின் முகம் கோணிப்போகும் என்று மருத்துவர்கள் எழுதினார்கள். அதற்கு 'சைக்கிள் முகம்' என்று நோய்ப் பெயர்கூட வைத்தார்கள். வாக்குரிமைப் போராளி சூசன் பி. ஆண்டனி 1896இல், பெண் விடுதலைக்கு சைக்கிள் செய்த அளவுக்கு வேறு எதுவும் செய்யவில்லை என்ற பொருளில் பத்திரிகைப் பேட்டி கொடுத்தார். மதுவிலக்குப் பிரசாரகர் ஃபிரான்சஸ் வில்லர்ட் தம் 53ஆம் வயதில் சைக்கிள் கற்று, அதைப் பற்றி 1895இல் ஒரு புத்தகமே எழுதினார். ஃபேனியும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்தான். பின்னாளில் மலையேறியாகப் பெயர்பெற்று, 1912இல் சியாச்சின் பனிப்பாறைப் பகுதியில் 'பெண்களுக்கு வாக்குரிமை' என்ற தலைப்புள்ள செய்தித்தாளை விரித்துப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். 1925இல் இறந்தபோது தம் சொத்தில் கணிசமான பங்கைப் பெண்கள் படிக்கும் நான்கு கல்லூரிகளுக்கு எழுதிவைத்திருந்தார். மகளை விடுதியிலும் தாதியரிடமும் விட்டுவிட்டுச் சுற்றினார் என்று அவரைக் குறை சொல்பவர்கள் இன்றும் உண்டு. வில்லியமும் அதே மகளுக்கு அப்பாதான். அவரை யாரும் கேட்பதில்லை.

ஆனால் இந்த ஃபேனிதான் நம் ஊர்ப் பெண்களைப் பார்க்காமல் போனார். அல்ஜீரியாவில் சைக்கிளில் சுற்றி எழுதிய புத்தகத்தில் அங்கே பெண்கள் நடத்தப்படும் விதத்தைக் கண்டித்தவர், இந்தியப் புத்தகத்தில் கோபுரங்களிலும் சிற்பங்களிலும் கரைந்துவிட்டார். பழைய கட்டடக் கலைதான் அந்தப் புத்தகத்தின் உயிர். நடவு வயலில் குனிந்திருந்தவர்கள் அவருக்குக் கோயிலுக்குப் போகும் வழியில் வந்த காட்சி, அவ்வளவுதான். இன்னொன்றும் உண்டு. 1898 கோடை வந்ததும் தம்பதி வெயிலுக்குத் தப்பி வடக்கே இமயத்துக்குப் போய்விட்டார்கள். அங்கே சைக்கிளை விட்டுவிட்டு 14,000 அடி, 18,000 அடிக் கணவாய்களை நடந்து கடந்தார்கள். கத்திரி வெயிலை விட்டுப் போகும் வசதி பயணிக்கு இருக்கிறது. கோடையில் வாய்க்கால் வற்றியதும் குடத்தோடு இன்னும் ஒரு மைல் கூடுதலாக நடப்பவளுக்கு அது இல்லை.

டெல்டாவில் பெண்ணுக்கு சைக்கிள் எட்டாமல் போனதற்கு நாணத்தையும் கட்டுப்பாட்டையும் மட்டும் காரணம் சொல்வது எனக்குப் போதவில்லை. மிராசுதாரின் மனைவி வில்வண்டியில் திரை மறைவில் போனாள். பண்ணையாளின் மனைவி நடந்தாள். பண்ணையாளுக்கே சைக்கிள் எளிதில் வாய்க்கவில்லை. வாய்த்தவனும் ஆதிக்கச் சாதித் தெருவில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்ற விதி தமிழகத்தின் பல ஊர்களில் இருந்தது. சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனையாக இருந்த நிலத்தில் யார் எதில் ஏறிப் போகலாம் என்பதும் நிலவுடைமையின் கணக்குத்தான். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் எரிக்கப்பட்ட 44 பேரில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். ஓடி ஒளிய அவர்களுக்குக் கிடைத்தது ஒரு குடிசை.

இந்த மண்ணில் ஊர்ஊராகச் சுற்றிய பெண்கள் இல்லாமல் இல்லை. மணலூர் மணியம்மை பிராமணக் குடும்பத்து இளம் விதவை. முடியை வெட்டிக்கொண்டு, வேட்டியும் சட்டையும் அணிந்து, பண்ணையாட்களைச் சங்கமாகத் திரட்ட அலைந்தவர். 1953இல் இறந்த அவரைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் 'பாதையில் பதிந்த அடிகள்' நாவலை எழுதினார். ஃபேனி 14,000 மைலிலும் கழற்றாத பாவாடையை வைத்துப் பார்த்தால், மணியம்மையின் வேட்டி எவ்வளவு பெரிய துணிச்சல்! தம்பதி என்றால் கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும். 1950இல் மணந்துகொண்டவர்கள். வெண்மணிக்குப் பிறகு கீழத்தஞ்சைக்கு வந்து, வெயிலிலும் மழையிலும் கால்நடையாகவே கிராமங்களைச் சுற்றினார்கள். 1981இல் அவர்கள் தொடங்கிய 'லாஃப்டி' அமைப்பு நிலமற்ற தலித் பெண்களின் பெயரில் நிலம் வாங்கிக் கொடுத்தது. வண்டியே இல்லாத பயணம் அது. ஆனால் கேரியரில் யாரும் உட்காரவில்லை. இருவரும் அவரவர் காலில் நடந்தார்கள்.

சைக்கிள் பெண்ணின் கைக்கு மொத்தமாக வந்தது டெல்டாவின் ஓரத்தில், புதுக்கோட்டையில். 1974இல் அந்த மாவட்டம் உருவானபோது அதன் ஒரு பகுதி தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து போனது. அறந்தாங்கிப் பக்கம் இன்றும் கல்லணைக் கால்வாயின் கடைமடை. வந்தால் தண்ணீர், வராவிட்டால் வானம். ஊருக்கும் ஊருக்கும் தூரம் அதிகம், பேருந்து குறைவு. 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் பாடமாக்கினார். எழுதப் படிக்கக் கற்றவள் அடுத்த ஊருக்குப் போக அண்ணனையோ கணவனையோ எதிர்பார்த்து நின்றால் அந்த எழுத்தால் என்ன பயன் என்பதுதான் கணக்கு. விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், செயற்கைக் கல் பட்டை தீட்டுபவர்கள், ஆசிரியைகள் என்று எல்லோரும் கற்றார்கள். ஓரிரு ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிளில் ஏறினார்கள் என்று அங்கே வந்து பார்த்த பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். 1992 மகளிர் நாளில் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு நூற்றுக்கணக்கான பெண்கள் புதுக்கோட்டைத் தெருக்களில் ஊர்வலம் வந்தார்கள்.

கேலியும் வசையும் இருந்தன. கால் தெரிகிறது, சேலை விலகுகிறது, யார் அடுப்பு பார்ப்பது என்று வழக்கமான பேச்சு. அதைவிட எனக்குச் சுவையானது ஒரு சின்ன விவரம். கடைகளில் லேடீஸ் சைக்கிள் போதவில்லை என்றபோது பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கினார்கள். பிறகு பலர் அதையே விரும்பவும் செய்தார்கள். முன்னால் பார் இருந்தால் பிள்ளையை உட்கார வைக்கலாமே! சேலைக்காக வளைத்துத் தாழ்த்திய லேடீஸ் சைக்கிளை வடிவமைத்தவருக்கு, அதை ஓட்டுபவள் தனியாகப் போகமாட்டாள், இடுப்புப் பிள்ளையும் கூடவே வரும் என்று தோன்றவில்லை. முன்பு அவன் ஓட்டும்போது பிள்ளை உட்கார்ந்த அதே பாரில், இப்போது அவள் ஓட்டும்போதும் பிள்ளை உட்கார்ந்தது. பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடமும் சந்தைக்குப் போகும் மூட்டையும் ஏறின. பேருந்துக்காக நிற்கும் நேரம் மிச்சமானதால் ஒரே நாளில் இரண்டு மூன்று ஊரில் விற்றுவிட்டு வர முடிந்தது. வேலை குறைந்தது என்று சொல்லமாட்டேன். தண்ணீர் எடுப்பது அவள் வேலையாகவே இருந்தது. ஆனால் எப்போது புறப்படுவது, எந்த வழியில் போவது, மேட்டில் இறங்குவதா மிதிப்பதா என்பதை அவளே முடிவு செய்தாள்.

2001-02இல் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவியருக்கு அரசு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. பின்னர் திட்டம் எல்லோருக்கும் விரிந்தது. கும்பகோணம், மன்னார்குடிச் சாலைகளில் காலை எட்டரை மணிக்கு நான்கு நான்கு பேராக, பேசிக்கொண்டே சாலையை அடைத்துப் போகும் பெண்களை லாரிக்காரர்கள் திட்டுகிறார்கள். திட்டட்டும். வெண்மணிக்கு அடுத்த தலைமுறைப் பெண்கள் எந்தத் தெருவிலும் இறங்காமல் போவதைப் பார்க்க எனக்கு அலுப்பதில்லை.

முதலாண்டு மாணவியர் வகுப்பில் ஒருமுறை கேட்டேன். ஐம்பத்தைந்து பேரில் பெரும்பாலோர் அந்த சைக்கிளில் பள்ளிக்குப் போனவர்கள். இப்போது அது எங்கே? தம்பி டியூஷனுக்கு எடுத்துப் போகிறான், அப்பா வயலுக்குக் கொண்டுபோகிறார், டயர் போய்த் திண்ணையில் கிடக்கிறது. ஒருத்தி மட்டும் அம்மா ஓட்டுகிறாள் என்றாள். நூறு நாள் வேலைக்கு அதில்தான் போகிறாளாம். அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு சைக்கிளில் சேர்ந்து எங்கேயாவது போய்ப் பார்த்திருக்கிறீர்களா என்றேன். வகுப்பு சிரித்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு அந்தப் பெண் சொன்னாள்: "அப்பாவுக்கு இப்ப முட்டி வலி மேடம். சித்திரைத் திருவிழாவுக்கு அம்மாதான் கேரியர்ல வச்சு மிதிச்சாங்க."