சுழல்வழியும் வலம் வருதலும்

கொழும்பு முகத்துவாரத்துக்குத் தெற்கே, கொச்சிக்கடையில் விளங்குவது பொன்னம்பலவாணேசுவரர் திருக்கோயில். பொன்னம்பல முதலியார் எழுப்பிய அக்கோயிலை அவர்தம் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கற்றிருப்பணியாகப் புதுக்கினார். துறைமுகத்தை அடுத்த தெருக்களின் இரைச்சலை விட்டு உள்ளே புகுவோர் அதன் பிராகாரத்தை அமைதியாக வலம் வருவர். எப்பக்கம் திரும்புவது என்னும் வினாவுக்கு அங்கே இடமில்லை. கால் தன் கடமையைச் செய்ய, மனம் அலைதல் ஒழிந்து இறைவன்பால் ஒடுங்குகின்றது. மேனாட்டார் தியானத்திற்கு உரியதாக இன்று போற்றும் சுழல்வழியின் பயனும் இதுவேயாம்.

சுழல்வழி வேறு, புதிர்வழி வேறு. புதிர்வழியிற் கிளைகள் பல; நடப்பவன் மயங்கி நிற்பான். சுழல்வழியிலோ பாதை ஒன்றே. அது நடுவிடத்தை நெருங்குவதுபோலச் சென்று, விலகி, மீண்டும் வளைந்து, முடிவில் நடுவே கொண்டு சேர்க்கும். அவ்வழியே திரும்பினால் வெளியே வரலாம். இடையில் விலகிச் செல்வதாகத் தோன்றினும் வழி தவறுதல் இல்லை என்பதே அதன் சிறப்பு.

இவ்வடிவம் மிகத் தொன்மையானது. கிரேக்க நாட்டின் பைலொசு அரண்மனையிற் கிடைத்த, கி.மு. 1200 அளவினதான களிமண் பலகையொன்றில் இது கீறப்பட்டுள்ளது. பாரத நாட்டில், 12ஆம் நூற்றாண்டில் தொடங்கப்பெற்ற ஹளேபீடுக் கோயிற் சிற்பத்தில், அபிமன்யு புகுந்த சக்கரவியூகம் இத்தகைய சுழலாகவே காட்டப்பட்டுள்ளது. தமிழ்நாட்டிற் கம்பைநல்லூர், கெடிமேடு ஆகிய இடங்களில் நிலத்தில் அமைந்த சுழல்வழிகள் 2015ஆம் ஆண்டளவில் ஆய்வாளர் கவனத்தைக் கவர்ந்தன. ‘ஏழு சுற்றுக் கோட்டை’ என்பது அவ்வடிவத்துக்கு மக்கள் இட்ட பெயர்.

பிரான்சு நாட்டின் சார்த்ரு பேராலயத் தளத்தில் 13ஆம் நூற்றாண்டில் அமைக்கப்பெற்ற சுழல்வழி 11 சுற்றுக்களை உடையது. அதன் குறுக்களவு ஏறத்தாழ 13 மீற்றர். அதனுள் நடக்க வேண்டிய தூரமோ ஏறத்தாழ 260 மீற்றர். எருசலேம் யாத்திரைக்கு ஈடாக அடியார் அதில் நடந்தனர் என்பது பிற்கால வழக்கேயன்றி, அக்காலத்து எழுத்துச் சான்று உடையதன்று. காலப்போக்கில் அவ்வழிகளின் பொருள் மறந்தது. இரீம்சுப் பேராலயத்தில் வழிபாட்டு வேளையிற் சிறுவர் அதன்மீது ஓடித் திரிந்த ஆரவாரத்தைக் குருமார் பொறாராயினர். 1779இல் அது பெயர்த்தெறியப்பட்டது. சார்த்ருவில் எஞ்சியதோ நாற்காலிகளின் கீழ் மறைந்து கிடந்தது. 1991இல் அமெரிக்கக் குருவானவராகிய லோரன் ஆர்ட்ரெசு அம்மையார் சார்த்ரு சென்று அதில் நடந்தார். பின்னர் அவ்வடிவத்தைத் துணியில் வரைந்து சான்பிரான்சிசுக்கோவின் கிரேசு பேராலயத்தில் விரித்தார். அதன்பின் சுழல்வழி நடை பல நாடுகளிலும் பரவிற்று.

வலம் வருதலிலிருந்து சுழல்வழியோ, சுழல்வழியிலிருந்து வலம் வருதலோ தோன்றிற்று எனல் பொருந்தாது. எனினும் இரண்டும் உணர்த்தும் உண்மை ஒன்று. இரீம்சில் அழிந்தது கல் மட்டுமன்று. நடையின் கருத்து முன்னரே அழிந்திருந்தது. கொச்சிக்கடைப் பிராகாரத்திலும், எண்ணிக்கையை மட்டும் நிறைவேற்ற விரைந்து சுற்றுவோர் பெருகுவராயின், கருங்கல் நிலைத்தும் வழி மறைந்துபோகும். வழியைக் காப்பது கல்லன்று; கருத்தோடு அதன்மேல் வைக்கும் அடியே.